இரவல் கொடுக்கும் இணைப்பு

தொலைபேசிக் கம்பி ஒழுங்காகப் போய்ச் சேராத ஊர்களுக்கு இணையம் எப்படிப் போனது? அதற்குக் கிடைத்த நல்ல விடைகளில் ஒன்று வில்லியனூரில் உருவானது. 1998 ஜனவரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் தந்த நிதியைக் கொண்டு, புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் அமைக்கும் வேலையில் இறங்கியது. நடுமையம் வில்லியனூர். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்களில் கிளை மையங்கள். நடுமையத்தில் டயல்-அப் இணைப்பு இருந்தது. கிராமத்துத் தொலைபேசிகளை நம்பி ஒரு மையத்தை நடத்த முடியாது என்ற நிலையில், காவல்துறையினர் பேசிக்கொள்ளப் பயன்படுத்துவதைப் போன்ற விஎச்எஃப் இருவழி ரேடியோக்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மின்சாரமும் நினைத்தபோது போய்விடும் என்பதால் கூரையில் சூரியத் தகடுகளும் ஏறின. ஒரே ஓர் இணைப்பு வில்லியனூரில் வந்து இறங்கியது. அங்கிருந்து ரேடியோ வழியே ஊர் ஊராகப் போனது.

ரேடியோவுக்குக் குரலைத்தான் கடத்தத் தெரியும். கணினியிலிருந்து புறப்படும் எழுத்துகளை மோடம் ஒலிகளாக மாற்றித் தருகிறது. ரேடியோ அவற்றைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டு காற்றில் விடுகிறது. மறுமுனை மோடம் அந்த ஒலிகளைப் பிடித்துத் திரும்ப எழுத்துகளாக்குகிறது. பேசுவதற்கென்று செய்த ஒரு கருவி, தன் உள்ளமைப்பு மாறாமலேயே, பக்கத்தில் இருக்கும் இன்னொரு கருவிக்குப் பாதை கொடுக்கிறது. கைபேசியைக் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து இணையத்துக்குப் போன பிற்கால வழக்கத்துக்கும், இன்று நாம் ‘ஹாட்ஸ்பாட் போடுவது’ என்று சொல்வதற்கும் அடியில் இருப்பது இந்த எண்ணமே. இணைப்பு எந்தக் கருவியில் வந்து இறங்குகிறதோ அந்தக் கருவியோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கும் அது கைமாற வேண்டும். கிராமத்து இணையத்தைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது வேகம் எவ்வளவு என்பதல்ல, அதை இரவல் கொடுக்க முடியுமா என்பதே. வில்லியனூர் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

கைபேசி மோடமான கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பார்ப்பதற்கு எளிதாகவும் உள்ளே மிகவும் சிக்கலாகவும் இருக்கிறது. ரேடியோவில் செய்ததைப் போல மோடத்தின் ஒலியை ஜிஎஸ்எம் கைபேசியின் வாய்ப்பக்கம் பிடித்தால் வேலை நடக்காது. ஜிஎஸ்எம் நம் பேச்சை அப்படியே அனுப்புவதில்லை; மனிதக் குரல் எப்படி உருவாகிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, விநாடிக்கு 13 கிலோபிட் அளவுக்கு அதைச் சுருக்கி அனுப்புகிறது. மோடத்தின் கீச்சொலி மனிதக் குரலில்லையே! சுருக்கும் இடத்திலேயே அது சிதைந்துபோகும். எனவே வேறு ஏற்பாடு செய்தார்கள். கணினி தரும் தகவலைக் கைபேசி எண்களாகவே டவருக்கு அனுப்பிவிடும். அழைப்பைப் பொதுத் தொலைபேசி வலைக்குக் கைமாற்றும் இடத்தில், கைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சில், உண்மையான மோடம் உட்கார்ந்திருக்கும். கையில் இருக்கும் போன் மோடத்தைப் போல நடந்துகொள்ளும். ஒலியை எழுப்பும் மோடமோ எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும். கணினிக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஹேய்ஸ் நிறுவனம் தன் மோடத்துக்காக வகுத்த ‘ஏடி’ கட்டளைகளையே அது கைபேசிக்கும் அனுப்பும். கைபேசியும் அதே மொழியில் பதில் சொல்லும். கேபிள் இல்லாவிட்டால், இரண்டு கருவிகளின் இன்ஃப்ராரெட் கண்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி மேசைமேல் வைத்து அசையாமல் காத்திருக்க வேண்டும். கை தவறி ஒன்று நகர்ந்தால் இணைப்பு அறுந்துவிடும். பிறகு ப்ளூடூத் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

அடுத்து ஜிபிஆர்எஸ் வந்தபோது யாரையும் உண்மையில் அழைக்க வேண்டிய தேவையே போய்விட்டது. ஆனால் கணினிகள் எண்ணைக் கேட்டே பழகியிருந்ததால் *99# என்ற எண்ணை அவற்றுக்குக் கொடுத்தார்கள். 2002 டிசம்பரில் தொடங்கப்பட்ட ரிலையன்ஸ் இண்டியாமொபைலின் சிடிஎம்ஏ கைபேசிகளைக் கேபிளால் கணினியில் செருகினால் #777 என்று டயல் செய்ய வேண்டியிருந்தது. தரைவழித் தொலைபேசிக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். கடையில் வாங்கிய அன்றே, டவர் எட்டும் எந்த ஊரிலும், ஒரு கேபிள் போதும்.

வேகத்தைப் பற்றி இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜிஎஸ்எம் கைபேசி வழியாக அன்று கிடைத்தது விநாடிக்கு 9,600 பிட், அதாவது 1,200 பைட். மூன்று மெகாபைட் புகைப்படம் ஒன்று அதில் வந்து சேர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே பாதையில் இரண்டாயிரம் குறிகள் கொண்ட ஒரு பக்கத் தமிழ், குறிக்கு ஒரு பைட் எடுத்துக்கொண்ட அன்றைய எழுத்துருக் குறியேற்றத்தில் இரண்டே விநாடியில் வந்துவிடும். இன்றைய யூனிகோடில் குறிக்கு மூன்று பைட் என்றாலும் ஐந்து விநாடி. படத்துக்குப் பஞ்சமான பாதை எழுத்துக்கு ராஜபாட்டை. வில்லியனூர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தார்கள். இணையப் பக்கங்களை அப்படியே கிராமத்துக்குத் தள்ளிவிடாமல், நடுமையத்திலேயே உட்கார்ந்து ஊருக்குத் தேவையானதைத் தமிழில் எழுதித் தொகுத்தார்கள்: விளைபொருள் விலை, விதையும் உரமும் கிடைக்கும் இடம், அரசுத் திட்டங்களில் யாருக்கு எது உண்டு, வறுமைக்கோட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது. பின்னாளில் ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழே அங்கிருந்து வெளிவந்தது. மெதுவான பாதையாக இருந்தும் அது பயன்பட்டதற்குக் காரணம், பாதையின் தொடக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்தார் என்பதுதான். இன்று அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகம் கையில் இருக்கிறது. அந்த ஆளைக் காணோம்.

அப்படி ஓர் ஆள் இருப்பதன் பயன் கடலோரத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் குறித்த முன்னறிவிப்பு வரும். அதை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொட வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், வலையைப் பிரித்துக்கொண்டே காதில் வாங்கினால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இத்திட்டத்தின் மையம் இருந்த நல்லவாட்டில் நடந்தது பலரும் அறிந்தது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், முன்பு இந்த மையத்தில் தொண்டராக இருந்தவர், தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல் ஊருக்குள் பரவியது. கடல்நிலை அறிவிப்புக்காக மையத்தில் இருந்த ஒலிபெருக்கியை எடுத்து எல்லோரையும் கரையைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஊர் தப்பியது. ஒரு வீட்டுக்கு வந்த ஓர் அழைப்பு, அந்த வீட்டோடு நின்றிருந்தால் அந்த ஒரு குடும்பம்தான் பிழைத்திருக்கும். அழைப்பை ஊருக்குக் கடத்த ஒரு பொதுக் கருவி தயாராக இருந்ததால்தான் அது ஊருக்கான எச்சரிக்கையானது.

இதற்கெல்லாம் இன்று தேவை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் இருக்கிறது, 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தரைக்கு இறங்கிவிட்டது, யாருக்கு யார் இரவல் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை. சுவாமிநாதன் நிறுவனமே பின்னாளில் மீனவர்களுக்குக் கைபேசியிலேயே கடல்நிலை தரும் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ சேவையைக் கொண்டுவந்தது. டவர் எட்டும் தொலைவுக்குள் படகில் இருப்பவருக்குக் கையில் இருக்கும் போனைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் கைபேசி போதும். ஆனால் எழுதி, இணைத்து, சமர்ப்பிக்கும் வேலைக்கு? பாகூரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்குக்கு விண்ணப்பம் போடுவதை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, சரியான கட்டத்தில் ஏற்ற வேண்டும். ஐந்தங்குலத் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் திறக்கிறது. தட்டச்சுப் பலகை மேலே வந்து பாதிப் படிவத்தை மறைக்கிறது. நடுவில் ஓர் அழைப்பு வந்தால் பக்கம் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. பிழையோடு போன விண்ணப்பத்தின் விலை அவளுக்கு ஓர் ஆண்டு. அவளுக்குத் தேவை பெரிய திரையும் விசைப்பலகையும் உள்ள ஒரு கருவி, அதற்கு இணைப்பு தர வீட்டில் இருக்கும் ஒரு போன். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது, அதை இணையத்தோடு சேர்க்கப் பெரும்பாலான வீடுகளில் என்ன வழி இருந்தது? அப்பாவின் போன்தான்.

அந்தப் போனுக்கு இரவல் கொடுக்கும் திறன் இருந்ததா என்பதே அடுத்த கேள்வி. 2017இல் மிகக் குறைந்த விலைக்கு வந்த ஜியோபோனில் தொடக்கத்தில் ஹாட்ஸ்பாட் வசதி கிடையாது. பின்னர்தான் மென்பொருள் வழியாக அது சேர்க்கப்பட்டது. அதுவரை அந்தப் போன் மட்டுமே இருந்த வீட்டில் 4ஜி இணைப்பு இருந்தது, ஆனால் அது அந்தச் சின்னத் திரைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. விலையுயர்ந்த போன் வைத்திருப்பவருக்கு இணைப்பைப் பகிர்வது ஒரு வசதி. அநேகமாக அவர் வீட்டில் வேறு இணைப்பும் இருக்கும். ஒரே ஒரு போன் இருக்கும் வீட்டுக்குத்தான் அது அவசியம். அங்கேதான் முதலில் கைவைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

டவர் நெரிசல் கூடிவிடும், ஒருவர் காசில் பலர் பயன்படுத்தினால் நிறுவனத்துக்கு நட்டம் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பக்கத்திலிருந்து வரும் பதில். அமெரிக்காவில் இந்த வழக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. கைபேசி இணைப்பைப் பிற கருவிகளுக்குப் பகிரும் செயலிகளைக் கடையிலிருந்து நீக்கும்படி கேட்டதற்காக, 2012இல் வெரைசான் நிறுவனம் அந்நாட்டுத் தொடர்பு ஆணையத்துடன் சமரசம் செய்து 12.5 லட்சம் டாலர் கட்டியது. ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்கான திறந்த பயன்பாட்டு விதியை ஒட்டிய தீர்வு அது என்றாலும், அதன் அடிப்படை எங்கும் பொருந்தும். நாளுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து காசு வாங்கிவிட்ட பிறகு, அந்த ஜிபி எந்தத் திரையில் தீர்கிறது என்பது விற்றவரின் கவலையில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரை நெல்லுக்கு விடலாம், கரும்புக்கு விடக் கூடாது என்று மடைக்காரர் சொல்வாரா? நெரிசல் என்பது உண்மையான பிரச்சினைதான். அதற்கு மருந்து கூடுதல் டவர்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. கைபேசி மோடம் என்பது தற்காலிக ஏற்பாடு, நிரந்தரத் தீர்வு கண்ணாடி இழைக் கேபிள்தான் என்கிறார்கள். 2011இல் ஒப்புதல் பெற்று இன்று பாரத்நெட் என்று வழங்கும் திட்டத்தின் நோக்கம் ஊராட்சிதோறும் அந்த இழையைக் கொண்டு சேர்ப்பது. அது வரட்டும், நன்றாக வரட்டும். ஆனால் ஊராட்சிக் கட்டடத்துக்கு வந்த இழை அங்கிருந்து யாருக்குப் போகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வில்லியனூர்த் திட்டம் நன்கொடையில் ஓடியது, அதன் மையங்கள் சில இடம் மாறின, சில மூடப்பட்டன என்று குறை சொல்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மையம் வேண்டும் என்று கேட்ட ஊரோடு அந்த நிறுவனம் சில நிபந்தனைகளைப் பேசி முடித்தது. இடம் ஊர் தர வேண்டும். எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோக வேண்டும். நடத்துவதில் பெண்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். எம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் மையம் நடந்தபோதும் இந்த நிபந்தனைகளில் மாற்றமில்லை.

தனி ஒருவரின் கைபேசிக்கு இப்படி எந்த நிபந்தனையும் போட முடியாது. ‘அண்ணே, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போட்டு விடுங்க’ என்று கேட்கும் உரிமை உறவுக்கும் தெருவுக்கும் உட்பட்டது. ஊர்த் தெருவிலிருந்து காலனிக்கு அந்த இரவல் தானாகப் போய்விடாது. இரவல் இணைப்பை ஆதரித்து எழுதும் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய அதன் எல்லை இது. அந்த எல்லையைத் தாண்டப் பொதுவான ஓர் இணைப்பும், அது யாருக்கெல்லாம் உரியது என்று எழுதி வைத்து நடத்த ஓர் அமைப்பும் வேண்டும். புதுச்சேரியில் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. 1968க்குப் பிறகு அவற்றுக்கு 2006இல்தான் தேர்தல் நடந்தது. தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு, பல ஆண்டுகள் அந்த நாற்காலிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் இல்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் ஊர்ப் பொது இணைப்பின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், முதலில் அந்தத் தேர்தலை நடத்துங்கள் என்றுதான் சொல்ல முடியும்.