அணைக் கணக்கே பூகம்பத்தை உண்டாக்கினால்?

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஐந்தாண்டுக்குள் பெரிய அணை ஒவ்வொன்றையும் தனி வல்லுநர் குழு முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும். 2026 டிசம்பரோடு கெடு முடிகிறது. கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணை பற்றியும் மணிமுக்தா அணை பற்றியும் கள்ளக்குறிச்சி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

"கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தோம், அணை தாங்கும்" என்றால் நம்பலாமா?

அந்த வாக்கியத்துக்கு நடைமுறையில் பொருள் இவ்வளவுதான்: எடுத்துக்கொண்ட அனுமானங்களின்படி, எடுத்துக்கொண்ட முறையில், கணக்கு கட்டுக்குள் நின்றது.

பூகம்ப அதிர்வைக் கம்ப்யூட்டர் சிறு காலப் படிகளாக நறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும். 20 விநாடி அதிர்வை 0.01 விநாடித் துண்டுகளாக நறுக்கினால் 2,000 படிகள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்கு முதல். பிழையும் கூடவே முதலாகிறது, கூட்டுவட்டி மாதிரி. படிக்கு 0.1 சதவீதம் பொய் ஆற்றல் சேர்ந்தால், 2,000 படி முடிவில் ஆற்றல் 7 மடங்கைத் தாண்டிவிடும். நிலம் தராத ஆட்டம் அது, கணக்கே தந்தது.

படியைச் சிறிதாக்கினால் தீருமா? 'மைய வேறுபாடு' என்ற எளிய முறையில், அணையின் கம்ப்யூட்டர் மாதிரியில் மிக வேகமான துடிப்பின் அலைவு நேரத்தை 3.14ஆல் வகுத்து வருவதே படியின் வரம்பு. அணை மொத்தமாக அரை விநாடிக்கு ஒருமுறை ஆடினாலும், மாதிரியின் ஒரு சிறு கட்டம் 0.005 விநாடிக்கு ஒருமுறை துடித்தால் வரம்பு 0.0016 விநாடிக்குச் சுருங்கிவிடும்.

பொறியாளர் நாதன் நியூமார்க் 1959இல் வெளியிட்ட முறைகளில் 'சராசரி முடுக்கம்' என்பதற்கு இந்த வரம்பு கிடையாது. அறிக்கைகளில் 'நிபந்தனையின்றி நிலையானது' என்று எழுதிக்கொள்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த நிரூபணம், தள்ளிய அளவுக்கே எதிர்ப்புத் தரும் பொருளுக்குத்தான் பொருந்தும். ஈர மண் நழுவும். கான்கிரீட்டில் விரிசல் விழும், 1967 பூகம்பத்தில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை விரிசல் விட்டது. அங்கே அந்த உத்தரவாதம் செல்லாது.

ஆற்றல் பெருகினால் எண்கள் வெடித்து, பொறியாளர் கண்ணில் பட்டுவிடும். எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். பொய்த் துடிப்பை அடக்கவென்றே படிதோறும் கொஞ்சம் ஆற்றலை விழுங்கும் முறைகள் உண்டு. 1977இல் ஹில்பர், ஹியூஸ், டெய்லர் மூவரும் தந்தது அவற்றில் பெயர்பெற்றது. படியைப் பெரிதாக வைத்தால் அது நிஜ ஆட்டத்தையும் சேர்த்து விழுங்கும். படிக்கு 0.1 சதவீதம் போனால் 2,000 படியில் ஆற்றல் ஏழில் ஒரு பங்காகிவிடும். வரைபடம் அழகாக அடங்கும், அணை தப்பித்ததாகத் தெரியும். கணக்கு நிலையாக நின்றதாலேயே விடை சரியாகிவிடாது.

சோதனைக்கூடத்தில் இந்தச் சிக்கல் இல்லையே?

அங்கே இன்னும் விபரீதம். ஜப்பானில் வளர்ந்த போலி-இயங்கு சோதனையில், நிஜத் தூணின் எதிர்ப்பை அளந்து, அடுத்த நகர்வைக் கம்ப்யூட்டர் கணித்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் தள்ளுவார்கள். அளவீட்டுப் பிழையும் கணக்குக்குள் புகும். கணக்கு பிசகினால், நடக்காத பூகம்பம் நிஜத் தூணை உடைத்துவிடும். மறுபடி செய்து பார்க்க அந்தத் தூண் இருக்காது.

தமிழ்நாட்டில் சோதிக்க இடம் உண்டா?
சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் அதிர்வு மேடைகள் உண்டு; முழு அணையை எந்த மேடையிலும் ஏற்ற முடியாது.

நம் பக்கம் பூகம்பம் வருமா?
2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக் கடலில் சுமார் 5.5 அளவில் அதிர்ந்தது.

மண் அணைக்கு இவ்வளவு கணக்கு தேவையா?
பல நேரம் எளிய சரிவுக் கணக்கே போதும். பெரிய கணக்கு போட்டோம் என்றால் விவரமும் தர வேண்டும்.

தகவல் உரிமை மனுவில் என்ன கேட்கலாம்?
காலப் படி எவ்வளவு, அதைப் பாதியாக்கியபோது விடை எவ்வளவு மாறியது, உள்ளே போன ஆற்றலுக்கும் கணக்கில் வந்த ஆற்றலுக்கும் வித்தியாசம் எவ்வளவு.