சிலந்திப் பட்டும் ஆரணித் தறியும்

ஜவ்வாது மலையில் பிறந்து வரும் கமண்டல நாகநதியின் கரையிலே உள்ள ஆரணி, பட்டுத் தறிகளுக்குப் பேர்போன ஊர். அவ்வூர் நெசவாளர் நூலுக்குப் பட்டுப்புழுவை நம்பியிருக்கின்றனர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள சில கம்பெனிகளோ, புழுவும் வேண்டாம், சிலந்தியும் வேண்டாம், சிலந்தியின் நூலைத் தொட்டியிலேயே உண்டாக்கிவிடுவோம் என்று முரசறைந்து கோடிக்கணக்கில் மூலதனம் திரட்டின. இதை நம்புவதா, நகைப்பதா என்பது நமக்கும் உரிய கேள்வியே.

மூலதனம் போட்டவர்களின் ஆசைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. சிலந்தியின் இழை எடைக்கு எடை எஃகினும் வலியது. ஆனால் சிலந்தியைப் புழுவைப்போல் மந்தையாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். 2009-ல் மடகாஸ்கரில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட சிலந்திகளிடம் நூலிழுத்தும் ஒரே ஒரு துணிதான் கிடைத்தது. ஆகவேதான் சிலந்தியின் மரபணுவை நுண்ணுயிர்களில் புகுத்திப் பட்டுப் புரதத்தை உண்டாக்க விஞ்ஞானிகள் முற்பட்டனர்.

பலன் என்ன? கனடாவின் நெக்ஸியா கம்பெனி ஆட்டுப் பாலில் அப்புரதத்தை வருவித்துப் பெரும்புகழ் பெற்றது. பிறகு கம்பெனியே மறைந்தது. அமெரிக்காவின் போல்ட் திரெட்ஸ் 20 கோடி டாலருக்கு மேல் திரட்டி, 2017-ல் 314 டாலர் விலையில் 50 கழுத்துப் பட்டிகளை விற்றது. பின்னர் அழகுச் சாமான்களில் சேர்க்கும் புரதத்தை விற்கலாயிற்று. ஜப்பானின் ஸ்பைபர் 2015-ல் மேலங்கி ஒன்றைக் காட்டியது. சிலந்திப் பட்டு நீர்பட்டால் சுருங்கும். அக்குறையை நீக்கி 50 அங்கிகளை விற்க 2019 ஆயிற்று. வலிமை மெய், ஆனால் விலையும் அளவும் வாக்குறுதிக்கு எட்டவில்லை. சந்தேகிப்போர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆயினும் நகைத்துவிட்டு உறங்குவது நமக்குத் தகாது. சாயத்துக்கான அவுரி நீலத்தை ஜெர்மானிய ரசாயன நிபுணர் பேயர் 1880-ல் செயற்கையாகச் செய்தார். அதை மலிவாக்கிக் கடைக்குக் கொணர ஜெர்மன் கம்பெனிக்கு 1897 வரை பிடித்தது. அந்தப் 17 ஆண்டுகளும் அவுரித் தோட்டத் துரைமார் நம்பிக்கையோடு இருந்திருக்கலாம். செயற்கை நீலம் வந்ததும் சம்பாரணில் அவர்கள் தங்கள் நஷ்டத்தைக் குத்தகை உயர்வாகவும் ரொக்கப் பணமாகவும் குடியானவன் தலையில் சுமத்தினார்கள். 1917-ல் காந்தியடிகள் அங்கே சென்றது அந்தச் சுமையை இறக்கவே.

இதன் பாடம் யாது? கம்பெனி தோற்றால் நஷ்டம் பங்கு வாங்கியவனுக்கு. அவன் அறிந்தே துணிந்தவன். கம்பெனி வென்றாலோ, நஷ்டம் பங்கு ஒன்றும் வாங்காத நெசவாளிக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் மல்பெரி பயிரிடும் விவசாயிக்கும் வரக்கூடும். லாபத்தில் பங்கில்லாதவன் நஷ்டத்தை மட்டும் ஏற்பது எந்த நீதி?

மலைவாசிகளின் உரிமையும் இதில் அடங்கியிருக்கிறது. இத்தொழிலுக்கு மூலப்பொருள் காட்டுச் சிலந்தியின் மரபணு. நம் காட்டின் உயிர்ப்பொருளால் வரும் லாபத்தில் அங்கு வாழ்வோருக்கும் பங்குண்டு என்கிறது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் மரபணுவின் எழுத்து வரிசை கணிப்பொறியில் ஏறிவிட்டால் அப்புறம் சிலந்தியைத் தேடி ஒருவரும் காட்டுக்கு வர வேண்டியதில்லை. 2024-ல் காலி நகர மாநாடு இதற்கென ஒரு பொது நிதிக்கு இசைந்தது. கம்பெனிகள் அதில் பணம் போடுவதோ கட்டாயமல்ல. நாளை ஜவ்வாது மலைச் சிலந்தி ஒன்றின் வரிசை அவ்வாறு போனால், சாமை விளைத்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் கிடைப்பது என்ன?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மத்திய பட்டு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இவ்வித்தையைத் தாமே கற்று, நமது கூட்டுறவுச் சங்கங்களுக்கு அளிக்க வேண்டும். தொட்டி நூல் எதுவும் வெறுமனே 'பட்டு' என்ற பெயரில் விற்பனைக்கு வராதபடி சட்டம் செய்ய வேண்டும். மரபணு வரிசைக்கும் மலைவாசிகளின் பங்கை உறுதிசெய்ய வேண்டும். சம்பாரண் குடியானவனுக்கு முன்னறிவிப்புச் சொல்வார் இல்லை. ஆரணி நெசவாளிக்கு இன்று காலம் இருக்கிறது. அதை வீணாக்கினால் பழி நம்முடையதே.