கண்மணி சுருங்கினால் கவனியுங்க!

மருந்தடிச்சுட்டு வரப்புல வந்து உட்கார்றவங்க சொல்ற முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "கண்ணு மங்கலா இருக்குங்க, பொழுது சாஞ்ச மாதிரி இருக்கு." வெயில்னு நாம விட்டுடறோம். ஒரு சோடா வாங்கிக் கொடுத்துட்டு அடுத்த டேங்க் ஊத்தச் சொல்ற இடங்களும் உண்டு. அந்த மங்கலுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆபத்து இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவர் அவருடைய கண்ணைப் பார்த்தாலே போதும்.

"நான்தான் நஞ்சு அடிக்கிறதே இல்லையே, எனக்கு எதுக்கு இந்தக் கதை?" என்று இயற்கை உழவர்கள் கேட்கலாம். செந்துறைப் பக்கம் எங்க நிலைமையைச் சொல்றேன். மானாவாரிப் பருத்தி, மக்காச்சோளம், முந்திரி எல்லாம் அடுத்தடுத்த காடுகளில் இருக்கு. இன்னைக்கு எங்க காட்டில் களை எடுக்கிற அதே அண்ணன்தான் நாளைக்குப் பக்கத்துக் காட்டில் தெளிப்பான் சுமக்கிறார். நாம் நஞ்சை விட்டுட்டோம். நம்மகிட்ட வேலை செய்யறவங்களை அது இன்னும் விடலை. ஆகவே இந்த விஷயம் நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

கண்மணி ஏன் சுருங்குது?

கருவிழி நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தைத்தான் கண்மணி, பாவை என்கிறோம். அது ஒரு துவாரம். வெளிச்சம் அதிகமானால் சுருங்கும், இருட்டில் விரியும். நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர், இருட்டில் 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். நிழலுக்கு வந்த பிறகும் குண்டூசி முனை மாதிரி சின்னதாகவே நின்றால் அது இயல்பு கிடையாது.

நம்ம நரம்புகள் தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை அனுப்பப் பயன்படுத்தும் ஒரு பொருள் அசிட்டைல்கோலின். மடையைத் திறந்து தண்ணி விடுற மாதிரி, அது வந்ததும் தசை இறுகும், சுரப்பி சுரக்கும். வேலை முடிஞ்சதும் மடையை அடைக்க ஒரு ஆள் வேணுமில்லையா? கோலினெஸ்டெரேஸ் என்ற நொதிதான் அந்த ஆள். அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைச்சுடும்.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் அந்த ஆளோட கையைக் கட்டிப் போடுது. மடை திறந்தபடியே கிடக்கும். கண்மணியைச் சுருக்கும் தசை இறுகியே நிக்கும். கண்ணீர், எச்சில், மூக்குச்சளி, வியர்வை வழியும். வயிறு முறுக்கி வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், சிறுநீர் அடக்க முடியாது. மூச்சுக்குழாய் சுருங்கி நெஞ்சுக்குள்ள சளி நிறையும். தசைகள் துடிக்கும், பிறகு தளர்ந்து போகும். உயிரைப் பறிக்கிறது கடைசியில் மூச்சுத் திணறல்தான். பூச்சியை இது எப்படிக் கொல்லுதோ அப்படித்தான் மனுஷனையும் கொல்லுது. அளவில்தான் வித்தியாசம்.

கடைகளில் கேள்விப்படும் மோனோகுரோட்டபாஸ், புரொபனோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட், டைமீத்தோயேட் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை. கார்போபியூரான் குருணை, மெத்தோமைல் போன்றவை கார்பமேட் வகை.

நச்சுவாயுவின் பங்காளி

இந்த நஞ்சோட வரலாறே கண்மணியில்தான் தொடங்குது. 1936-ல் ஜெர்மனியின் ஐ.ஜி.ஃபார்பன் கம்பெனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் புதுப் பூச்சிக்கொல்லி தேடிக்கிட்டிருந்தார். அவர் தயாரித்த ஒரு பொருளில் ஒரு துளி சிந்தியபோது அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, பார்வை மங்கி, மூச்சு முட்டியது. அதுதான் டாபூன் என்ற போர் நச்சுவாயு. 1995 மார்ச் 20-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வாயுவை விட்டார்களே, அன்னைக்கு மருத்துவமனைக்கு ஓடி வந்தவர்களில் பலர் சொன்னதும் "எல்லாம் இருட்டா தெரியுது" என்பதுதான். டாபூனும் சாரினும் நம்ம தெளிப்பான் டேங்கில் ஊத்துற ஆர்கனோபாஸ்பேட்டும் ஒரே குடும்பம்.

நம்ம மண்ணில் நடந்தது

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்த 20-க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள், பலருக்குப் பார்வை பாதித்தது. அதே ஆண்டின் கடைசியில் நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்கள் இறந்த செய்திகள் வந்தன. பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிக்கும்போது தெளிச்சா புகை நேரா முகத்துக்குத்தான் வரும். முந்திரிக்கு அண்ணாந்து பவர் ஸ்பிரேயரில் அடிக்கும்போதும் அதே கதைதான். தோல், மூச்சு, கண் மூன்று வழியாவும் நஞ்சு உள்ளே போகும். குடிச்சாத்தான் விஷம் என்பதில்லை.

2013 ஜூலை 16-ல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் கலந்திருந்தது. காலி டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணிக்கும் வெச்சுக்கிற பழக்கம் நம்ம ஊர்லயும் இருக்கு. அதை இன்னைக்கே நிறுத்தணும்.

2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டபாஸ், புரொபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. அதன்பிறகு மோனோகுரோட்டபாஸ் 36 சதக் கரைசலை ஒன்றிய அரசும் தடை செய்தது. ஆனாலும் பழைய பாட்டில்கள் பல வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கு.

எப்படிப் பார்ப்பது?

வெயிலில் எல்லாருக்கும் கண்மணி சின்னதாகத்தான் இருக்கும். அதனால ஆளை நிழலுக்குக் கூட்டிட்டு வாங்க. தெளிப்பு வேலை செய்யாத ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைங்க. சில நிமிஷம் கழிச்சு இரண்டு பேர் கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. தெளிச்சவர் கண்மணி மட்டும் ஊசிமுனையா இருந்து, எச்சிலோ வியர்வையோ வழிந்து, வயிறு புரட்டினால் அது வெயில் மயக்கம் இல்லைன்னு எடுத்துக்கங்க.

ஒரு எச்சரிக்கை. கண்மணி சுருங்கலைன்னா விஷம் ஏறலைன்னு அர்த்தம் இல்லை. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் தெளித்த எண்டோசல்பான் வேறு வகை, அதற்கு இந்த அடையாளம் கிடையாது. பைரித்ராய்டு வகைக்கும் அப்படித்தான். நஞ்சடித்தவருக்கு உடம்பு சரியில்லைன்னா, கண் எப்படி இருந்தாலும் மருத்துவமனைதான்.

வேறு காரணங்களும் உண்டு

கண்மணி சுருங்கினாலே பூச்சிக்கொல்லின்னு முடிவு கட்டவும் கூடாது. அபின், மார்பின், ஹெராயின் உடம்பில் ஏறினாலும் ஊசிமுனையாகும், மூச்சும் குறையும். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் பைலோகார்பின் சொட்டு மருந்தும் சுருக்கும். மூளைத்தண்டில் ரத்தக்கசிவு ஏற்பட்டு மயங்கினவருக்கும் இப்படி ஆகும். ஒரு கண் மட்டும் சுருங்கினால் அந்தக் கண்ணின் உள் அழற்சியாகவோ, நரம்புக் கோளாறாகவோ இருக்கலாம். வயசானவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும்.

நம்ம கரைசல்களையும் சொல்லியாகணும். அக்னி அஸ்திரத்தில் புகையிலை சேர்க்கிறோம். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியா ஏறும். அது அதிகமானால் முதலில் இதே மாதிரி எச்சில், வாந்தி, கண்மணிச் சுருக்கம் வரலாம். ஊமத்தை இதற்கு நேர் எதிர், கண்மணியை விரிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே கலங்கும். இயற்கைக் கரைசல்தானேன்னு வெறும் கையில் கலக்காதீங்க. முகத்தை மூடிக்கங்க, காற்று அடிக்கிற திசையில் நடந்து தெளிங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் குளிங்க.

உடனே செய்ய வேண்டியது

முதலில் ஆளைக் காட்டிலிருந்து வெளியே கொண்டு வாங்க. நனைஞ்ச துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணியும் போட்டுத் தலைமுடி, நகக்கண் உட்பட கழுவுங்க. கழுவுறவர் கையுறையோ, பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கணும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிஷம் சுத்தமான தண்ணி விட்டுக் கழுவுங்க. மயக்கமா இருந்தால் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

உப்புக்கரைசல், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. அது நுரையீரலுக்குள் போயிடும். பால், மோர், புளித்தண்ணி எதுவும் வேண்டாம். ஊமத்தை கண்மணியை விரிக்குதேன்னு அதை முறிவா கொடுக்கவே கூடாது, அதுவே ஆளைக் கொன்னுடும்.

108-ஐக் கூப்பிடுங்க. நஞ்சுப் பாட்டிலையோ லேபிளையோ கூடவே எடுத்துட்டுப் போங்க. எந்த வகை நஞ்சுன்னு தெரிஞ்சா சிகிச்சை வேகமாகும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். ஆர்கனோபாஸ்பேட்டாக இருந்தால் பிராலிடாக்சைம் என்ற மருந்தும் சேர்ப்பதுண்டு. நேரம் போகப் போக நஞ்சு அந்த நொதியோடு கெட்டியா ஒட்டிக்கும், அப்புறம் எடுக்க முடியாது. அதனாலதான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இன்னொன்று. கண் தெளிஞ்சுடுச்சு, பேசறார்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துடாதீங்க. ஒரு நாளிலிருந்து நாலு நாளைக்குள் கழுத்து, மூச்சுத் தசைகள் திடீர்னு தளர்ந்து போகலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியலைன்னா அதுதான் முதல் அறிகுறி. டாக்டர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்க.

நஞ்சில்லாப் பருத்திக்கு

இதெல்லாம் வந்தபிறகு பார்க்கிற வேலை. வராம பார்க்கிறதுக்கு நம்ம கையில் வழி இருக்கு. வரப்பில் ஆமணக்கு, ஊடே தட்டைப்பயறு, செண்டுமல்லி வைங்க. மஞ்சள் ஒட்டுப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் கட்டுங்க. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊற வைச்சுப் பிழிஞ்சு, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிங்க. பூச்சி நின்னுடும்னு சொல்லலை. தாங்குற அளவுக்குள் இருக்கும், தெளிக்கிற ஆளும் நல்லபடியா வீடு திரும்புவார்.

நம்ம காட்டுக்கு வேலைக்கு வர்றவங்ககிட்ட இந்த வாரமே ஒருதரம் பேசுங்க. நேத்து எங்க தெளிச்சீங்க, உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க. நிழல்ல வெச்சுக் கண்ணை எப்படிப் பார்க்கணும்னு செஞ்சு காட்டுங்க. அந்த இரண்டு எண்களையும் மோட்டார் கொட்டாய் சுவத்தில் பெரிசா எழுதி வைங்க.