பேத்தியோடு ஒரு நகர்வலம்

யுத்தத்தின் ஊடாக வந்த எங்கள் பெண்களிடம் அவர்கள் செய்த பிரயாணங்களைக் கேட்டால் பட்டியல் நீளும். ஊர் விட்டு ஊர் ஓடியது, பாடசாலைக் கட்டடங்களில் தங்கியது, முகாமுக்குப் போனது, காணாமற்போனவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தது என்று எத்தனையோ இருக்கும். தானே விரும்பி, தானே நாள் குறித்துப் போன பிரயாணம் அதில் ஒன்றாவது உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதில்.

நான் பணிபுரியும் கலவானப் பகுதியில் அப்படி ஓர் அம்மா இருக்கிறார். தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆகஸ்ட் வன்செயல் சப்ரகமுவ தோட்டங்களையும் தாக்கியபோது அவருக்கு 12 வயது. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். இரத்தினபுரியிலிருந்தும் கேகாலையிலிருந்தும் அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் பல. பிறகு வன்னியில் வாழ்ந்து, கணவனைப் பறிகொடுத்து, 2009இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்தார். இப்போது தம்பியின் லயத்தில் இருக்கிறார். ஒரே மகள் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் வாழ்கிறார். மகளிடம் போய்வர வீசா கிடைத்தபோது அந்த அம்மா சொன்னது இது: "எங்க போனாலும் யாராவது வெரட்டித்தான் போயிருக்கோம் மிஸ். அங்கயும் நாலு செவத்துக்குள்ளதானே குந்தியிருக்கப் போறேன்?"

இதற்கு விடை 12 வயதுப் பேத்தியிடமிருந்து வந்தது. தனக்குப் பிடித்த கார்ட்டூன் படத்தில் வரும் இடங்களை அம்மாயிக்குக் காட்ட வேண்டும் என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். "கார்ட்டூன்ல வர்ற எடம் நெசமாவே இருக்குமா மிஸ்?" என்று அம்மா என்னிடம் விசாரித்தார். இருவரும் அந்தப் படத்தைப் பார்த்தோம்.

படம் சொல்லும் கதை

படத்தின் பெயர் 'டேர்னிங் ரெட்'. 2022இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் டோமி ஷி. 1989இல் சீனாவில் பிறந்து, குழந்தையாகவே பெற்றோருடன் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவில் வளர்ந்தவர். பிக்சாரின் முழுநீளப் படமொன்றைத் தனியாக இயக்கிய முதல் பெண் அவரே.

கதை 2002இல் ரொறன்ரோவில் நடக்கிறது. மெய் என்ற 13 வயதுச் சீனச் சிறுமி மனம் கொந்தளித்தால் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறிவிடுகிறாள். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு இது பரம்பரையாக வருவது. காரணத்தைக் கேளுங்கள் சகோதரிகளே. பல தலைமுறைக்கு முன் யுத்தம் நடக்கிறது. ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. தன் பெண்மக்களைக் காக்க ஒரு தாய் தெய்வங்களிடம் வலிமை கேட்டுப் பெறுகிறாள். அவள் பெற்ற வரமே இந்த உருமாற்றம். புதிய நாட்டுக்கு வந்த பிறகு அந்த வரம் வெட்கத்துக்குரியதாகிவிடுகிறது. பாட்டியும் தாயும் தங்களுக்குள் இருந்ததைச் சடங்கு செய்து பூட்டிவைக்கிறார்கள். மகளும் பூட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இந்த இடம் வந்ததும் அந்த அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நாங்களும் பூட்டித்தானே வச்சிருக்கோம்" என்றார். யுத்தத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஆவேசமும் அழாமல் விட்ட அழுகையும் அவர் சொன்ன பூட்டுக்குள் அடக்கம் என்றே நான் விளங்கிக்கொண்டேன்.

படத்தில் மெய்யின் தோழிகளுள் ஒருத்தி பிரியா. அவளுக்குக் குரல் கொடுத்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் எங்கள் சமூகத்துப் பிள்ளை. இலங்கையின் யுத்தத்தால் அகதிகளாகக் கனடாவுக்குப் போன தமிழ்ப் பெற்றோருக்கு 2001இல் அங்கே பிறந்தவர்.

நகரில் எவை உள்ளன?

நான் ரொறன்ரோவைப் பார்த்ததில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பேத்தியோடு தொலைபேசியில் பேசித் திட்டம் போட்டோம். ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் போதும் என்று முடிவுசெய்தோம்.

முதலாவது சைனா டவுன். ஸ்பாடைனா வீதியும் டண்டாஸ் வீதியும் சந்திக்கும் சீனக் கடைத்தெரு அது. மெய்யின் வீடும் கோயிலும் இந்தப் பகுதியில் இருப்பதாகக் கதை. அந்தக் கோயில் கற்பனை என்பதால் தேடி அலைய வேண்டாம். கடைத்தெருவும் சாப்பாட்டுக் கடைகளும் நிஜம்.

இரண்டாவது பெரிய விளையாட்டரங்கு. படத்தின் உச்சக்கட்டம் இங்கேதான். 1989இல் திறந்தபோது இதன் பெயர் ஸ்கைடோம். 2005 முதல் றொஜர்ஸ் சென்டர் என்கிறார்கள். கூரையைத் திறந்து மூடலாம்.

மூன்றாவது, அரங்குக்குப் பக்கத்திலேயே நிற்கும் சீ.என். கோபுரம். 1976இல் திறக்கப்பட்டது. உயரம் 553 மீற்றர். மேலே போகும் டிக்கட் விலை அதிகம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் காசு இல்லை.

ஸ்காபரோவின் கெனடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால் மாறாமலே ஸ்பாடைனா நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து 510ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார் தெற்கே போகிறது. வீதியில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் வண்டி இது. படத்தில் வரும் பழைய ரக வண்டிகள் 2019 டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டன. இப்போதைய வண்டிகளின் தளம் தாழ்வானது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறி இறங்கச் சுலபம். 12 வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒருமுறை கட்டினால் 2 மணித்தியாலத்துக்குள் வண்டி மாறி ஏறலாம்.

எங்கள் பெண்கள் கவனிக்க வேண்டியவை

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லாத சில விடயங்கள் எங்களுக்கு முக்கியம்.

1. நிலத்துக்கடியில் ஓடும் ரயில் சிலருக்குப் பங்கரை நினைவூட்டலாம். முதலில் வேறொரு நாளில் ஒரு தரிப்பு மட்டும் போய்ப் பாருங்கள். மூச்சு முட்டினால் இறங்கி மேலே வந்துவிடலாம். பஸ்ஸிலும் போகலாம்; நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

2. செப்டெம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய விடுமுறையில் ரொறன்ரோ ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடப்பது வழக்கம். யுத்த விமானங்களும் நகருக்கு மேலால் இரைந்து பறக்கும். கனடா தினமான ஜூலை 1 இரவில் வாணவேடிக்கை உண்டு. சத்தம் தாங்காதவர்கள் இந்த நாட்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள்.

3. உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் வைத்தியரின் கடிதமொன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். விமான நிலையத்திலும், பெரிய கட்டடங்களிலும் சோதனைக் கருவி சத்தமிட்டால் பதற்றப்படாமல் காட்டலாம்.

4. வீட்டு முகவரியையும் மகளின் தொலைபேசி இலக்கத்தையும் தாளில் எழுதி வைத்திருங்கள். மாத்திரைகளையும் மறக்க வேண்டாம்.

5. நாளையும் நேரத்தையும் நீங்களும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். "எப்பவாவது கூட்டிப் போறோம்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். களைத்துவிட்டால் திரும்பிப் போவோம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பேச்சுக்கு ஒரு வழி

சமூகவியல் படித்த காலத்தில் தலைமுறை இடைவெளி என்ற சொல்லை நூல்களில் வாசித்தேன். அதன் பாரத்தை இங்கே வேலை செய்யும்போதுதான் உணர்கிறேன். பேத்திக்குத் தமிழ் குறைவு. அம்மாயிக்கு ஆங்கிலம் இல்லை. "சாப்பிட்டியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இருவரும் பார்த்த ஒரே கதை இருக்கும்போது, அதில் வந்த ஒரு தெருவில் நின்றுகொண்டு கையால் காட்டியாவது பேசலாம்.

படத்தின் முடிவில் மூங்கில் காடொன்றில் அழுதுகொண்டிருக்கும் சின்னப் பெண்ணை மெய் காண்கிறாள். அது சிறுமியாக இருந்த அவளுடைய அம்மாவே. மெய் அவளது கையைப் பிடித்து நடத்திச் செல்கிறாள். எங்கள் பேரப்பிள்ளைகளும் எங்களைச் சிறுமியாகக் கண்டதில்லை. நாங்கள் சொன்னால்தானே காண்பார்கள்?

அந்த அம்மா போய்வந்துவிட்டார். திட்டமிட்ட மூன்று இடங்களில் இரண்டைத்தான் பார்த்தார்களாம். கால் வலித்ததால் அரங்குக்குள் போகவில்லை. கோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது பேத்தி, "12 வயசில நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள். இரவில் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்த கதையை அவர் முதன்முறையாகச் சொன்னார். மகளே இடையிலிருந்து மொழிபெயர்த்தார். அந்தக் கதையின் பாதி மகளுக்கும் அன்றுதான் தெரிந்ததாம்.

கனடா போக வழியில்லாத சகோதரிகளே, இது உங்களுக்கும்தான். பிள்ளைக்குப் பிடித்த கதையில் ஆறு வந்தால் ஆற்றங்கரைக்கும், காடு வந்தால் காட்டுக்கும் போகலாம். கலவானயில் இருக்கும் எங்களுக்குச் சிங்கராஜ வனம் பக்கத்தில். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட காடு அது. ஆனாலும் அதைப் பார்க்காத தோட்டத்துப் பெண்கள் எங்கள் குழுவிலேயே பலர். பஸ் காசைக் கணக்குப் பாருங்கள், சோற்றுப் பார்சல் கட்டுங்கள், நாளைக் கலண்டரில் உங்கள் கையாலேயே வட்டமிடுங்கள். நீங்கள் குறித்த நாளில், நீங்கள் தேர்ந்த இடத்துக்கு, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள்.