மதுரையைச் சுற்றி - 6: கோபுரத்துக்கு மூத்த குன்றுகள்

மதுரைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் மீனாட்சியம்மன் கோவிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு, ஒரு ஜிகர்தண்டாவோடு ஊர் திரும்பிவிடுகின்றன. சென்ற வாரம் நாங்களும் அவற்றைத்தான் பார்த்தோம். ஆனால் இந்த ஊரின் மிகப் பழைய எழுத்துகள் நகரத்துக்குள் இல்லை. சுற்றியுள்ள குன்றுகளில், வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டாமல் மதுரையைக் காட்டிவிட்டதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த முறை விடியும் முன்பே காரை எடுத்தோம். அப்பத்தாவும் வந்தார்.

முதலில் மேற்கே, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே கீழக்குயில்குடி. சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோவில். “நீங்க ஏறிட்டு வாங்கடா, நான் இங்கனயே உக்காந்துருக்கேன்” என்று அப்பத்தா மர நிழலில் அமர்ந்துவிட்டார். நாங்கள் படியேறிப் பேச்சிப்பள்ளம் போனோம். பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் நாகம் படமெடுத்த பார்சுவநாதரைச் சின்னவன் தானாகவே கண்டுபிடித்தான்.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. காலை வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தேங்கி வரிகள் தெளிகின்றன. உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்று சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தாயின் பெயர் அந்தப் பாறையில் நிற்கிறது. அரசர்களின் மெய்க்கீர்த்திகளை நிறையப் படித்திருக்கிறேன். இந்த ஒற்றை வரி அவற்றைவிட நெருக்கமாக இருக்கிறது. கீழே இறங்கியதும் மகள் முதல் வேலையாக இதை அப்பத்தாவிடம் சொன்னாள். “மகன் சாமியாராப் போனாலும் ஆத்தா ஆத்தாதானே” என்றார் அவர்.

மலையின் மறுபக்கத்தில் செட்டிப்புடவு. அங்கே குகைக்குள் சிங்கத்தின் மேலிருந்து யானை வீரனோடு போரிடும் இயக்கியை அவசியம் பாருங்கள்.

அங்கிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே ஒத்தக்கடை. மேலூர் சாலையில் போகும் யாரும் யானைமலையைத் தவறவிட முடியாது, படுத்திருக்கும் யானையேதான். அடிவாரத்து நரசிங்கத்தில் பாறையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோவில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770-இல் இதைக் குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். அவருக்குப் பின் அமைச்சரான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்தார். அண்ணன் தொடங்கித் தம்பி முடித்த கதையைக் கல்வெட்டே சொல்கிறது.

2010 வாக்கில் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’யும் அந்தச் சமயத்தில் பிறந்ததுதான். மக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குன்றுகளைக் காட்டுவது எவ்வளவு பெரிய காப்பு என்பதை அந்த நடைகள் காட்டின. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக எத்தனை பாறைகள் வெட்டப்பட்டன என்பதை நாடறியும். உ. சகாயம் மதுரை ஆட்சியராக இருந்தபோது இதைப் பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கை 2012-இல் வெளியே வந்தது. 2014-இல் உயர் நீதிமன்றமே அவரை விசாரணைக்கு நியமித்தது.

மதியம் வழியில் ஒரு புளியமரத்தடியில் கட்டுச்சோறு. பிறகு அரிட்டாபட்டி.

இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். குடைவரையில் சிவலிங்கம். ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் தமிழ்நாட்டில் காண அரிதான லகுலீசர். குகைத்தளத்தின் விளிம்பில் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்துகள். பக்கத்து மீனாட்சிபுரத்தில், மாங்குளம் கல்வெட்டு என்று புகழ்பெற்ற எழுத்துகள் உள்ளன. 1882-இல் ராபர்ட் சூவெல் கண்டெடுத்தவை அவை. நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவர் கணிநந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அவற்றில் படிக்கலாம். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில், பாண்டியன் பெயரோடு வெட்டப்பட்ட தமிழ்!

அரிட்டாபட்டிக் குடைவரை வாசலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “எங்கிட்டிருந்து வர்றீக?” என்று விசாரித்தபடி கூட நடந்தார். “இந்த மலையில விழுற மழைதான் தம்பி சுனையில நின்னு கண்மாய்க்கு இறங்குது. மலை போச்சுன்னா வெள்ளாமை போச்சு” என்றார். ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், 200 சுனைகள், சுமார் 250 பறவையினங்கள் என்று அரசுக் குறிப்பு சொல்வதைத்தான் அவர் இரண்டே வரியில் சொன்னார். ஷாகீன் வல்லூறும் ராஜாளியும் இந்தப் பாறைகளில் வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இது அறிவிக்கப்பட்டது.

அப்படி அறிவித்து இரண்டே ஆண்டுகளில், இந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள் போட்டார்கள். சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

“அப்பா, இதையா தோண்டப் பார்த்தாங்க?” என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். மலையைக் காத்தவர்கள் யார் என்பதையும் சொன்னேன்.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். வெயில் ஏறும் முன் முதல் குன்றை முடித்துவிடுங்கள். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். மலையில் கடை கிடையாது. கோவில் உள்ள இடங்களில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். சிற்பத்தைத் தொடாதீர்கள், பாறையில் பெயர் கிறுக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கூடவே வந்து காட்டுவார்கள்.

(அடுத்த வாரம்: கீழடி)