உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரு தண்ணீரும் உங்கள் தலைமுடியும்

நாம் தினமும் சீவும் முடியில் உயிரே இல்லை! உயிருள்ள வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. வெட்டினால் வலிக்காததும் அதனால்தான்.

• முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். அதன்மேல் மீன் செதில்போல அடுக்கடுக்கான மெல்லிய உறை.

• பெங்களூரில் பல வீடுகளுக்கு போர்வெல் தண்ணீர்தான். அந்தக் கடின நீரின் கால்சியம், மக்னீசியம் உப்புகள் உறைமேல் படியும், முடி சொரசொரப்பாகும். கடைசியாக ஒரு முறை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரில் அலசுங்கள்.

• தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவும். 2003-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிக்கும் முன்பே தடவுங்கள்.

• தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதைவிட அதிகமாகக் கொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.