2020 கிரீன் பே பாக்கர்ஸ் வீரர் தெரிவு

2020 கிரீன் பே பாக்கர்ஸ் வீரர் தெரிவு என்பது விஸ்கொன்சின் மாநிலத்து அமெரிக்கக் காற்பந்தாட்ட அணியான கிரீன் பே பாக்கர்ஸ், அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் மேற்கொண்ட தெரிவுகளைக் குறிக்கும். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு ஆகும்.

பின்னணி

2019 பருவத்தில் 13 ஆட்டங்களில் வென்ற இவ்வணி, அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ அணியிடம் 37-20 எனத் தோற்றது. பந்தெறியும் ஆரன் ரொட்ஜர்சுக்கு, தவான்டே ஆடம்சைத் தவிர நம்பத்தக்க பந்துபிடிப்பாளர் (ரிசீவர்) இல்லை என்பது இரசிகர்களின் குறையாக இருந்தது.

தெரிவும் விவாதமும்

அணி 30ஆம் இடத்திலிருந்து 26ஆம் இடத்திற்கு முன்னேறி, மற்றொரு பந்தெறிவாளரான ஜோர்டான் லவ்வைத் தெரிவு செய்தது. தெரிவான 9 பேரில் ஒருவர்கூடப் பந்துபிடிப்பாளர் அல்லர். 36 வயதான ரொட்ஜர்சின் எஞ்சிய ஆண்டுகள் வீணாகும் என ஒரு சாரார் கருதினர். பிரெட் ஃபாவ் 35 வயதில் ஆடிக்கொண்டிருந்தபோதே, 2005இல் ரொட்ஜர்ஸ் இவ்வாறே தெரிவானதை மறுசாரார் சுட்டினர்.

பின்விளைவு

ரொட்ஜர்ஸ் 2020, 2021 பருவங்களில் மிகமதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். எனினும் அணி இறுதியாட்டத்தை எட்டவில்லை. 2023இல் அவர் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றப்பட, லவ் முதன்மைப் பந்தெறிவாளரானார். 2002இற்குப் பின் முதற்சுற்றில் இவ்வணி ஒரு பந்துபிடிப்பாளரைத் தெரிவு செய்தது 2025இல்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் மேத்யூ கோல்டன் ஆவார்.